ஆறு எழுத்து

அட்வான்ஸ்டு இங்கிலீஷ் வகுப்பின் முதல் நாள். யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கனிஷ்கா "மை சித்தி" என்றாள். தமிழ் கூடாது என்று சிரித்த ஹெலன் மிஸ், "ஆன்ட்டியா, ஸ்டெப்மதரா?" என்று கேட்டார். கனிஷ்காவின் அம்மா இறந்த பிறகு அம்மாவின் தங்கையைத்தான் அப்பா கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பும் அவள் சித்தி, பின்பும் சித்தி. கூப்பிடும் சொல் மாறவே இல்லை. யோசித்து நாளைக்குச் சொல்லும்படி மிஸ் அவளை உட்காரவைத்தார்.

சாயங்காலம் வகுப்பு வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்ட சித்தியிடம், "மிஸ் கேட்டாங்க. இங்கிலீஷ்ல உனக்குப் பேரு இல்ல சித்தி" என்றாள் கனிஷ்கா. "ரெண்டு இருக்கு. ஒண்ணு ரொம்பத் தூரத்துல இருக்கு. இன்னொண்ணு கதையில வர்ற கெட்டவ."

சித்தி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "தூரத்துல இருக்கிறதையே சொல்லிடு. மிஸ் திட்டப் போறாங்க."

"வேணாம். நான் ஸ்பெல்லிங் கண்டுபிடிச்சுட்டேன்."

சித்தியின் வலது கையை விரித்து, விரலால் ஒவ்வொன்றாக எழுதினாள். "சி, எச், ஐ, டி, எச், ஐ."

கூச்சத்தில் சித்தி நெளிந்தாள். "இவ்ளோ நீளமா?"

"ஆறு எழுத்துதான். மதருக்கும் ஆறுதான்."

சித்தி பையை இடது கையிலேயே வைத்துக்கொண்டாள். ரோட்டைக் கடக்கும்போது கனிஷ்காதான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூடிய வலது கையைச் சித்தி விரிக்கவே இல்லை.