லண்டனுக்குப் போன உப்பு

"நான் அழுத அழுகையில நம்ம எஸ்டேட் தேயிலையே உப்புக் கரிச்சுப் போச்சு மாப்ளே! லண்டன்லேர்ந்து துரைக்குக் கடுதாசி வந்துச்சுன்னா பாத்துக்கயேன்!"

முனியாண்டி நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். அவர் இதுவரை விட்ட புளுகுகளை மூட்டை கட்டினால் மலையடிவாரத் தாப்பா டவுனுக்கு இறக்க நாலு லோரி வேண்டும். ஐந்தாவது லோரி வழியில் கவிழ்ந்தது என்று அவரே இன்னொன்றும் விடுவார்.

வேலப்பன், மகள் பவளம் வைத்த டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சப்புன்னு இருக்கு."

"பாத்தீங்களா மாமா?" என்றாள் பவளம் முனியாண்டியிடம். "மூணாவது தடவை போட்டுட்டேன். காரமா கருவாட்டுச் சம்பல் வச்சாலும் சப்புங்கறாரு."

வேலப்பனின் நாக்கு லேசுப்பட்ட நாக்கு அல்ல. எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பது வருடம் தேயிலை ருசி பார்த்த நாக்கு. ஒரு மடக்கு உறிஞ்சிச் சுழற்றித் துப்பினால், கொழுந்து எந்தச் சரிவில் பறித்தது, பறித்தவள் காலையில் புருஷனோடு சண்டை போட்டாளா என்பதுவரை சொல்லிவிடும்.

அவர் மனைவி ருக்குமணி இறந்து நாற்பது நாள் ஆகிறது. சுடுகாட்டிலும் அவர் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து நாக்கு எதையும் சொல்வதில்லை. சோறு இறங்கவில்லை, சாரோங் இடுப்பில் நிற்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ராஜநாயகம் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாக்குல ஒண்ணும் இல்லம்மா. மனுஷன் இன்னும் அழல. அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல" என்று பவளத்திடம் சொல்லிவிட்டார்.

"தேயிலை நனைஞ்சா பூசணம் பிடிக்கும் மச்சான். உப்பா கரிக்கும்?" என்றார் வேலப்பன் கடைசியில். எவ்வளவு துக்கத்திலும் தேயிலையைப் பற்றித் தப்பாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது.

"ஊறுகாய்க்குப் பூசணம் பிடிக்குதா? உப்பு இருக்குலா, அதான்!" என்றார் முனியாண்டி. "அப்ப எனக்குத் தேயிலைப் பெட்டி அடைக்கிற வேலை. ஒரு ஆணிக்கு ஒரு படி கண்ணீர். முதல் நாள் கண்ணால அழுதேன், ரெண்டாம் நாள் மூக்கால அழுதேன். மூணாம் நாள் துரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் ஃபேக்டரிக்குள்ள வந்தாரு."

"லண்டன்காரன் என்ன எழுதினானாம்?"

"'தேயிலை கிடைத்தது. கருவாடு இருந்தால் அதையும் அனுப்பவும்'னு."

உள்ளே பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலப்பன் சிரிக்கவில்லை.

"எந்த வருஷம்?"

"அம்பத்தொண்ணு."

"பொய்! அந்த வருஷத்துத் தேயிலை பூரா என் நாக்கைத் தாண்டித்தான் போச்சு."

"அந்த மூணு நாளும் நீ லீவுலா."

"சர்வீஸ் முழுக்க நான் போட்டதே அந்த ஒரு லீவுதான். அதுலயா வந்து அழுதே? ஏன், யாரு செத்தா?"

"யாரும் சாகல. திருட்டுப் போச்சு."

"என்னது, சேவலா?"

"சேவலுக்கு எவன் மூணு நாள் அழுவான்? கீழ் டிவிஷன்லேர்ந்து ஒரு திருடன் வந்தான் மாப்ளே. பட்டப்பகல்ல, மேளதாளத்தோட வந்தான். கொழுந்து ஏத்துற லோரியில எங்க வீட்டுப் பொருளை ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

"போலீசுக்குப் போகலியா?"

"போலீஸ்காரனும் பந்தியில உக்காந்து ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சான்!"

கோப்பையை எடுக்கப் போன வேலப்பனின் கை பாதியில் நின்றது.

"லோரி வளைவுல திரும்புற வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டே போனா, என் தங்கச்சி," என்றார் முனியாண்டி. குரலில் இப்போது புளுகு இல்லை. "பச்சைச் சேலை. கல்யாணப் பொண்ணுன்னு பாக்காம லோரிக்குள்ள தலைமுடி பூரா கொழுந்து."

"ரெண்டு மைல்தானே மச்சான்..."

"ரெண்டு மைல்தான். அதுக்கே மூணு நாள் அழுதேன். இப்ப ருக்கு போயிருக்கிறது எத்தனை மைலுன்னு தெரியல. நீ ஒரு பொட்டுக்கூட அழல. உன் பங்கையும் சேத்து நானே அழ முடியாது மாப்ளே, வயசாச்சுலா."

வேலப்பன் கோப்பையின் மேல் குனிந்தார். தோள் ஒரு முறை குலுங்கியது. அப்புறம் நிற்கவே இல்லை. நாற்பது நாள் அழுகையும் வரிசை கட்டி வந்தது. முனியாண்டி தோளிலிருந்த துண்டின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். மறுமுனை அவருக்கே தேவைப்பட்டது.

வெகுநேரம் கழித்து வேலப்பன் மூக்கை உறிஞ்சியபடி, ஆறிப்போன டீயை எடுத்தார். ஒரு மடக்கு உறிஞ்சி, பழைய வழக்கப்படி நாக்கில் சுழற்றினார். அடுப்படியில் பவளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லண்டன்காரன் சரியாத்தான் எழுதியிருக்கான் மச்சான்," என்றார். "உப்புக் கரிக்குது."