உதடு படாமல்

"மேனேஜர் குடும்பத்தோட உக்காந்து சாப்பிடப் போறோம். மேல கீழ சிந்தி மானத்தை வாங்கிடாத," என்று காரிலேயே சொல்லிவைத்திருந்தான் அழகம்மையின் கணவன் வயிரவன்.

அந்த ஜப்பானிய உணவகத்தில் மேசையே அடுப்பு. கொதிக்கும் இரும்புத் தகட்டில் இறாலைப் புரட்டிக்கொண்டிருந்த சமையல்காரர், திடீரென்று நீள மூக்குக் குப்பி ஒன்றை எடுத்து, எதிரே இருந்தவர்களின் வாயைக் குறிவைத்துப் பழச்சாற்றைப் பீய்ச்சினார். அங்கே அது ஒரு விளையாட்டு. மேனேஜருக்கு மீசை நனைந்தது. வயிரவனுக்குப் புரையேறிச் சட்டை பாழானது.

"அவளுக்கு வேணாம், பழக்கமில்ல," என்று இருமிக்கொண்டே கையை ஆட்டினான்.

அழகம்மை அந்தக் கையை மெல்ல இறக்கிவைத்தாள். செம்பை உதட்டில் வைத்தால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவள். நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்தாள். சாறு நேரே தொண்டைக்குள் இறங்கியது. சமையல்காரர் குப்பியை உயர்த்தினார், ஓரடி பின்வாங்கினார், இன்னும் பின்வாங்கினார். அனலுக்கு மேலே அந்தச் சிவப்பு நூல் நீண்டுகொண்டே போனதே தவிர அறுபடவில்லை. இறால் கருகியதை யாரும் கவனிக்கவில்லை. குப்பி தீர்ந்ததும் அவர் தன் உயரத் தொப்பியைக் கழற்றினார்.

அழகம்மை கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"தொடச்சுக்கங்க. சிந்தியிருக்கு."