அமலியின் நான்கு கேள்விகள்

பந்து எங்கோ போய்விட்டது. இரண்டு தலைகள் மோதிக்கொண்ட சத்தம் மட்டும் காதில் நின்றது.

பாஸ்டன் அணிக்காரி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னொருத்தி எழவில்லை.

அணியின் பிசியோ அமலி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். விழுந்து கிடப்பது உல்ரிக்கேயாக இருக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டே ஓடினாள்.

உல்ரிக்கேதான்.

ஜெர்மன்காரி. கால்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரி. உயரத்தில் எந்தப் பந்து வந்தாலும் முதலில் எழும்புவது அவள் தலைதான். ஊரில் பகலெல்லாம் தபால் அலுவலகத்தில் நின்றுவிட்டு மாலையில் ஆடியவள். பெண்களுக்கும் சம்பளம் கொடுத்து ஆடவைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முப்பத்திரண்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஐரோப்பியக் கோப்பை அவள் சொந்த நாட்டில் நடக்கிறது. ஜெர்மனியின் தேர்வாளர் இன்று மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் அடி என்று வெளியே கூட்டிப்போனால் அத்தோடு கதை முடிந்தது. இந்த வயதுக்கு மேல் இன்னொரு கோப்பை அவளுக்குக் கிடையாது.

தலையில் அடிபட்டவர்களிடம் அமலி நான்கு கேள்வி கேட்பாள். உன் பெயர் என்ன? இது எந்த ஊர்? இன்று யாரோடு ஆடுகிறோம்? என் மகள் பெயர் என்ன? ஏழு வயது ஜெஸ்மியைத் தெரியாதவர்கள் அணியில் யாரும் இல்லை. நான்குக்கும் சரியாகப் பதில் வந்தால் ஆடலாம்.

வரிசை மட்டும் மாறவே மாறாது. தூத்துக்குடியில் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் அப்படித்தான் கேட்பார், பிள்ளைகளும் அப்படித்தான் ஒப்பிப்பார்கள். அந்தப் பழக்கம் சான்டா கிளாரா வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

இந்த சீசனில் உல்ரிக்கே அடிபட்டு விழுவது இது மூன்றாவது தடவை. போன இரண்டு தடவையும் கடகடவென்று பதில் சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். இரும்புத் தலை என்று அமலியே எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறாள்.

இன்றும் அமலியின் காரில்தான் மைதானத்துக்கு வந்தாள். பின் சீட்டில் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டிய கணவனிடம் அமலி கிசுகிசுத்தாள்.

"ஏங்க, பாத்தீங்களா? காட் எல்லாம் சும்மான்னு ஆர்க்யூ பண்ணுவா. மேட்ச்னா மட்டும் ப்ரே பண்றா."

இப்போது அவள் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அமலி பஞ்சை வைத்து அழுத்தினாள். கோட்டருகே பயிற்சியாளர், எழுப்பு எழுப்பு என்று கையை ஆட்டினார். நடுவர் வேறு தலைக்கு மேல் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

உன் பெயர் என்ன?

"உல்ரிக்கே."

இது எந்த ஊர்?

"சான்டா கிளாரா."

அப்பாடா என்றிருந்தது. பஞ்சு நனைந்துவிட்டது. வேறு எடுக்கப் பைக்குள் கையை விட்ட அவசரத்தில், ஒன்றை விட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்குத் தாவிவிட்டாள்.

என் மகள் பெயர் என்ன?

"பாஸ்டன்."

துளி தயக்கம் இல்லாமல் வந்தது பதில்.

அமலியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

காரில் அசைந்த உதடு கண்ணுக்குள் வந்தது. போன வாரமும் அசைந்தது. அதற்கு முந்தைய வாரமும். யோசித்துப் பார்த்தால், முதல் அடிக்குப் பிறகுதான் அந்த ஜெபமே ஆரம்பித்தது.

தன் நினைவு தப்புவது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இந்தக் கையால்தான் அமலி அவள் முதுகைத் தட்டி, போ, ஆடு என்று அனுப்பிவைத்தாள்.

வரிசையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

நான் யார், உல்ரிக்கே?

உல்ரிக்கே அவள் முகத்தையே பார்த்தாள். ஞாயிறு தவறாமல் அமலி வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுகிறவள். கன்னத்தில் ரத்தம் வழிய, பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"ஜெஸ்மி."