மூன்று தொட்டி

"குப்பை பிரிக்கிற செய்முறை அடுத்த மாசம்தானே சார்?" கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள் சுற்றுச்சூழல் துறை மாணவி.

"இன்னிக்கே முடிச்சிடலாம்மா. சாயங்காலம் எனக்கு மேடைப்பேச்சு இருக்கு, சீக்கிரம்." மாஸ்க்குக்குள்ளிருந்து பேராசிரியரின் பேச்சு குழறலாக வந்தது. "கேன்டீன் தொட்டி மூணையும் கொட்டுங்க. கசக்கிப் போட்ட காகிதத்தைக்கூடப் பிரிச்சுப் பார்க்கணும்."

வகுப்பே அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டு கிளறியது.

ஒரு மணி நேரம் கழித்து, டிஷ்யூ காகிதச் சுருள் ஒன்றைப் பிரித்தவள் திகைத்து நின்றாள்.

"சார், யாரோட பல்செட்டோ கிடக்கு. இதை எதுல சேர்க்கிறது? மக்குறதுலயா, மக்காததுலயா?"

போன உயிர் திரும்பி வந்தவர் போல அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார் பேராசிரியர். திரும்பி வந்தபோது முகத்தில் மாஸ்க் இல்லை.

"மறுபயன்பாட்டுலம்மா," என்றார், ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.