தராசின் பின்விளக்கு

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தங்கச்செல்வியின் ரிப்பேர் கடையில் பகல் வெயில் மேசை வரை நீண்டிருக்கிறது. மேசையில் அருப்புக்கோட்டை நகைக்கடை நவநீதகிருஷ்ணனின் எலெக்ட்ரானிக் தராசு திறந்து கிடக்கிறது. அதன் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தால்தான் எண்கள் தெரியும். எண்கள் நிலைகொண்ட பிறகே விளக்கு எரிய வேண்டும். முந்திக்கொண்டால் கண்டபடி கோடுகள் ஓடும். அந்தக் கோளாறுக்குத்தான் அவன் வந்திருக்கிறான். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடலையே?" என்று சிரிக்கிறான். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே சிரிப்போடுதான், "லைட்டப் போடுங்கப்பா, பொண்ணு எங்க நிக்குதுன்னே தெரியல" என்றான். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கறுத்த கையால் காபித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சுங்க" என்கிறாள் இப்போது, தலை நிமிராமல். விளக்கைத் தாமதப்படுத்தும் குட்டித் திருகைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். அவள் அது முட்டி நிற்கும்வரை திருப்புகிறாள். மூடியை முடுக்கிச் சுவிட்சைப் போடுகிறாள். கண்ணாடி இருண்டே இருக்கிறது. வெளியே ஒரு பஸ் புழுதியைக் கிளப்பித் திரும்புகிறது. புழுதி அடங்கியும் வெளிச்சம் வரவில்லை.

"என்னம்மா, ஒண்ணுமே தெரியலையே?"

"இனிமே கோடு வராதுங்க. லைட்டு மட்டும் மெதுவா வரும். தினமும் கடை தொறக்கையில கொஞ்சம் பொறுத்துக்கிடணும்."

அவன் இன்னும் குனிகிறான். கண்ணாடியில் அவன் முகம் மட்டும் கன்னங்கரேலென்று தெரிகிறது.

"நல்லாப் பாருங்க" என்கிறாள் தங்கச்செல்வி.