குண்டூசி சார் வகுப்பு

"உங்க வகுப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது, டீச்சர்," என்றார் தலைமை ஆசிரியர்.

அறிவியல் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். சேர்ந்து ஒரு பருவம்தான் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சத்தம் என்னவோ உண்மைதான். எரிகிற மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு ஓரமாகப் போய் நின்றுகொள்வாள். அணையும், அணையாது என்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நிற்பார்கள். காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கும்வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

"பக்கத்து வகுப்பைப் பாருங்க. நடுவுல வெறும் பலகைத் தடுப்புதான். அங்க இப்படியா இருக்கு?"

பக்கத்து வகுப்பு, குண்டூசி சாருடையது. குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று தலைமை ஆசிரியரே இந்தப் பருவத்தில் மெச்சி வைத்த பெயர். அதே பாடத்தை, அதே நேரத்தில், கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பிள்ளைகள் மூச்சுக் காட்டமாட்டார்கள். மதிப்பெண்ணும் எகிறியிருந்தது. அடக்கி வைத்தால் படிப்பு தானாக வரும் என்று ஆசிரியர் அறையில் அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அன்றே அவளுடைய வகுப்பை மாடிக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் அடங்காவிட்டால் அவள் நூலகத்துக்குப் போக வேண்டியதுதான், இரண்டு வகுப்பையும் சாரே பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"நீயும் எழுதிப் போட்டுட்டு உக்காரேன்டி. வேலை முக்கியமில்லையா?" என்றாள் வீட்டில் அவளுடைய அக்கா.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாக்பீஸை எடுத்தாள். இரண்டு வரி எழுதியிருப்பாள். முதல் வரிசைச் சிறுமி எழுந்து, "டீச்சர், இன்னிக்குச் சண்டை இல்லையா?" என்று கேட்டாள். கேட்ட முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டாள். வேலை போனால் போகட்டும்.

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. தலைமை ஆசிரியர் அறையில் குண்டூசி சாரும் உட்கார்ந்திருந்தார். கதை முடிந்தது என்றே நினைத்தாள்.

"நாளையிலேருந்து உங்க வகுப்பு பழைய இடத்துக்கே வந்துடட்டும், டீச்சர். கீழ சத்தம் தாங்க முடியல," என்றார் தலைமை ஆசிரியர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்கதான் மேல போயிட்டோமே சார்?"

"நடுவுல இருக்கிற தடுப்பையும் எடுத்துடப் போறோம். சார்தான் கேட்டுக்கிட்டார்."

குண்டூசி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சிரிப்பு.

"நீங்க மாடிக்குப் போனதும் என் வகுப்பு சந்தைக்கடை ஆயிடுச்சும்மா. நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்துது. நடுவுல இந்த ஒரு பருவம் மட்டும் எப்படிடா வாயை மூடிட்டு இருந்தீங்கன்னு பசங்களைக் கேட்டேன். 'அந்தப் பக்கம் நடக்கிற சண்டையில யார் சொன்னது சரின்னு கேக்க வேண்டாமா சார்'ங்கிறானுங்க."