முகம் தெரியும் சுவர்

மூன்று நாளாகப் பேசாமல் இருந்த மனைவி பிலோமினாவைச் சமாதானப்படுத்த, மாதா கோயிலின் பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளைத் துலக்குகிற தஸ்நேவிஸ் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். அவள் பிஸ்டன் ரிங் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவளுடைய பட்டறையில் திறந்து கிடந்த கார் என்ஜினின் நான்கு சிலிண்டர்களுக்குள்ளும் கையை விட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிட்டான்.

திரும்பி வந்தவள் சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாக அவள் கீறி வைத்த மெல்லிய கோடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விடிந்தால் வண்டி கல்யாணத்துக்குப் போயாக வேண்டும்.

"என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய?" மூன்று நாளுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

"ஒரே கீறலா கெடந்துச்சு. உனக்காவத்தான் தேச்சேன்."

"அந்தக் கீறல்லதான் எண்ணெ நிக்கும். சுவரு வழுவழுன்னு இருந்தா ரிங்கு ஒட்டி உக்காராது. வண்டி பொகையாக் கக்கும்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அவள் டிரில்லில் தேய்ப்புக்கல்லை மாட்டி, மூன்று சிலிண்டர்களை மறுபடி கீறி முடித்தாள். ஒவ்வொரு முறையும் அவள் கேட்பதற்கு முன்பே எண்ணெய் சொட்டியது. நான்காவதன்மேல் குனிந்தபோது விரல் சுவிட்சிலேயே நின்றுவிட்டது. உள்ளே பளபளப்பில் அவள் முகம் நீண்டு வளைந்து தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு முகம் வந்து ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, இத மட்டும் விட்டுருவோமா?"

"பொகையும்," என்றாள் பிலோமினா. சுவிட்சை இன்னும் அழுத்தவில்லை.